பொலிமர் கெட்டிக்காரன்தான். யாருக்கு?



எங்கட வீடுகளில் ஒரு பிள்ளையைக் 'கெட்டிக்காரப் பிள்ளை' என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி வேறு கேள்வி வராது. நல்ல மாக்ஸ் எடுக்குதோ, காணும். 'ஸ்மார்ட்' என்ற சொல்லும் இப்ப அப்படித்தான் வேலை செய்கிறது. ஸ்மார்ட் போன், ஸ்மார்ட் மீற்றர், ஸ்மார்ட் சிற்றி. ஒரு பொருளின் பெயருக்கு முன்னால் அது வந்து நின்றால், அது யாருக்காகச் செய்யப்பட்டது, யாருடைய காசில் செய்யப்பட்டது, வேலை முடிந்த பிறகு எங்கே போகும் என்று கேட்கிறது குறைந்து போகிறது.

நான் படிக்கிற துறையிலும் அந்தச் சொல் இருக்கிறது. பொலிமர் இரசாயனத்தில் முதுகலை செய்கிறேன். 'ஸ்மார்ட் பொலிமர்' என்று எழுதினால் ஆராய்ச்சி விண்ணப்பத்துக்கு ஒரு மினுக்கம் வரும் என்பது எங்கள் ஆய்வுகூடத்தில் எல்லாருக்கும் தெரியும். இந்த மடலில் நாங்கள் வழக்கமாக வாடகை, கூலி, குடிவரவு பற்றித்தான் எழுதுகிறோம். இந்த முறை ஒரு இரசாயனப் பொருளைப் பற்றி எழுதுகிறேன். கூலியும் நிலமும் இதிலும் இருக்கின்றன.

துலங்கல் என்றால் என்ன

பொலிமர் என்பது சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கிற ஒரு நீளச் சங்கிலி. இலங்கைப் பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் 'பல்பகுதியம்'; தமிழ்நாட்டில் 'பலபடி' என்பார்கள். நான் பொலிமர் என்றே எழுதுகிறேன். பருத்தி, மாப்பொருள், றப்பர், பொலித்தீன் எல்லாம் பொலிமர்கள்தான்.

இவற்றில் சில, வெளியிலிருந்து வரும் ஒரு சின்ன மாற்றத்துக்குப் பெரிய மாற்றமாகப் பதில் சொல்லும். வெப்பநிலை இரண்டு பாகை ஏறினால் சுருண்டுவிடும். அமிலம் குறைந்தால் கரையும். உப்புப் பட்டால் வீங்கியது வற்றும். வெளிச்சம் பட்டால் வளையும். விஞ்ஞானத் தமிழில் இதைத் தூண்டல், துலங்கல் என்போம். தொட்டாச்சுருங்கி இலை செய்கிற வேலை மாதிரி, ஆனால் உயிரும் நரம்பும் இல்லாமல். அந்தத் துலங்கலைத்தான் 'ஸ்மார்ட்' என்கிறார்கள்.

இதில் மிகப் பிரபலமானது, ஆய்வுகூடங்களில் 'பி-நைப்பாம்' என்று செல்லமாக அழைக்கப்படும் ஒரு பொலிமர். குளிர்ந்த தண்ணீரில் கண்ணாடி மாதிரிக் கரைந்து கிடக்கும். ஏறத்தாழ 32 பாகை செல்சியசைத் தாண்டினால், அதன் சங்கிலிகள் தாங்கள் பிடித்திருந்த தண்ணீரை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே சுருண்டுகொள்ளும். கரைசல் பால் மாதிரி வெளுக்கும். ஆறவிட்டால் திரும்பவும் தெளியும். இந்தக் குணத்தை 1968-இல் விரிவாக அளந்து வெளியிட்டவர்கள் இருவர்: ஹெஸ்கின்ஸ், கியே. எங்கட ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில்தான். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1978-இல், அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் தொயோஇச்சி தனாக்கா, சூழலில் ஒரு சிறு மாற்றத்தால் ஒரு ஜெல்லின் கனவளவே திடீரெனப் பல மடங்கு மாறலாம் என்று காட்டினார். துறை அங்கேயிருந்து விரிந்தது.

32 பாகை ஏன் முக்கியம்? எங்கட உடம்பு 37 பாகை. அறை 20 சொச்சம். இரண்டுக்கும் நடுவில் இந்தப் பொலிமர் நிறம் மாறுகிறது, வடிவம் மாறுகிறது. மருத்துவத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

ஜப்பானில் தெருவோ ஒகானோவின் குழு இந்தப் பொலிமரை உயிர்க்கலம் வளர்க்கும் தட்டுகளில் மெல்லியதாகப் பூசியது. 37 பாகையில் கலங்கள் தட்டில் ஒட்டி வளரும். 20 பாகைக்குக் குளிர்த்தினால் பொலிமர் தண்ணீரை இழுத்து விரியும். கலங்கள் ஒரு முழுத் தாளாகக் கழன்று வரும். சுரண்டவும் வேண்டாம், நொதியம் ஊற்றி அறுக்கவும் வேண்டாம். 2004-இல், ஒசாக்காவில் நான்கு நோயாளிகளின் வாய்க்குள்ளிருந்து எடுத்த கலங்களை இப்படித் தாளாக வளர்த்து, பழுதான கண்ணின் மேற்பரப்பில் வைத்தார்கள். நால்வருக்கும் பார்வை தெளிந்தது. நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அந்தக் கட்டுரையும் ஒரு காரணம்.

இன்னும் இருக்கிறது. 2002-இல் லெண்ட்லைன், லாங்கர் என்ற இருவர், உடல் வெப்பத்தில் தானாகவே முடிச்சை இறுக்கி, பிறகு உடம்புக்குள்ளேயே சிதைந்து போகும் தையல் நூலைச் செய்து காட்டினார்கள். கண் அழுத்தத்துக்கான சில சொட்டு மருந்துகள் கண்ணீரிலுள்ள உப்பைத் தொட்டவுடன் ஜெல்லாகி, ஓடிவிடாமல் நிற்கும். இவை எல்லாம் தூரத்து விஷயங்கள் என்று நினைத்தால், வீட்டில் இருக்கிற மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கோ. "உடைக்காமல் விழுங்குங்கோ" என்று மருந்துக்கடையில் சொல்லித் தருகிற அஸ்பிரினும் ஒமெப்பிரசோலும் ஒரு பொலிமர்ச் சட்டை போட்டிருக்கின்றன. இரைப்பையின் அமிலத்தில் அந்தச் சட்டை கரையாது. குடலுக்குப் போய் அமிலம் குறைந்ததும் கரையும். அப்பப்பாவின் ஞாயிறு முதல் சனி வரையான பெட்டியில் ஸ்மார்ட் பொலிமர் ஒவ்வொரு நாளும் வேலை செய்கிறது.

ஆக, நான் இந்தப் பொருட்களுக்கு எதிரி இல்லை. இவற்றைச் செய்யப் பழகத்தான் நான் நாளைக்குப் பத்து மணித்தியாலம் நிற்கிறேன்.

பியோரியாவிலிருந்து வந்த பொடி

இனி, எல்லா ஸ்மார்ட் பொலிமர்களிலும் அதிகமாக விற்கப்படுகிற குடும்பத்துக்கு வருவம். அதைக் கண் அறுவைச் சிகிச்சைக்கூடத்தில் தேட வேண்டாம். அது டயப்பருக்குள் இருக்கிறது. எந்தக் கொம்பனி செய்தாலும் நாங்கள் 'பம்பர்ஸ்' என்றுதான் சொல்லுறது.

ஒரு டயப்பரைப் பிரித்து உதறினால் சீனி மாதிரி ஒரு வெள்ளைப் பொடி விழும். சோடியம் பொலிஅக்ரிலேற்று. சங்கிலி முழுக்க எதிர் ஏற்றம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சோடியம் அயன். தண்ணீர் உள்ளே வந்ததும் சோடியம் கரைந்து அலையும், எதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும், சங்கிலி விரியும், அந்த வெளிக்குள் இன்னும் தண்ணீர் வரும். சங்கிலிகளுக்கிடையே போட்டிருக்கிற குறுக்குக் கட்டுகள் அது கரைந்து ஓடாமல் பிடித்துக்கொள்ளும். தூய தண்ணீரென்றால் தன் எடையைப்போலச் சில நூறு மடங்கு குடிக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் 30 முதல் 50 மடங்குதான். வீங்கின ஜெல்லுக்கு மேலே ஒரு கரண்டி உப்பைப் போட்டால் அது குடித்ததைத் திருப்பிக் கக்கும். பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம், நல்லாயிருக்கும்.

இதைக் கண்டுபிடித்தது யார்? அமெரிக்க அரசின் விவசாயத் திணைக்களம். இலினோய் மாநிலத்தின் பியோரியா நகரில் உள்ள அவர்களின் ஆய்வுகூடம், மிஞ்சிப் போகிற சோளத்துக்கு ஒரு பயன் தேடியது. சோள மாப்பொருளில் ஒரு செயற்கைப் பொலிமரை ஒட்டவைத்தபோது தண்ணீரை உறிஞ்சித் தள்ளுகிற ஒரு பொருள் வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சுப்பர் சிலர்ப்பர்'. வரண்ட நிலத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்கலாம், விதைக்குப் பூசலாம் என்பது அங்கே இருந்த கனவுகளில் ஒன்று. 1970-களில் உரிமம் கொடுக்கப்பட்டது. 1978-இல் ஜப்பானில் மாதவிடாய்த் துவாய்க்குள் இந்த வகைப் பொருள் போனது, 1980-களில் டயப்பருக்குள். போகிற வழியில் சோளம் கழன்றுவிட்டது. முழுக்க முழுக்க எண்ணெயிலிருந்து வருகிற அக்ரிலிக் அமிலத்தால் செய்வது சந்தையை வென்றது.

பொதுப் பணத்தில், பயிருக்காகவும் தொடங்கிய ஒரு அறிவு, சில பெரிய கொம்பனிகளின் பண்டமாக முடிந்தது. இந்தக் கதையை நாங்கள் வேறு பல பெயர்களில் கேட்டிருக்கிறோம்.

நீலக்கோடு யாருடைய கடிகாரம்

டயப்பரின் வெளிப்பக்கத்தில் ஒரு மஞ்சள் கோடு ஓடும். ஈரம் பட்டால் நீலமாகும். அதுவும் ஒரு துலங்கல்தான்: அமில காரத் தன்மை மாறினால் நிறம் மாறும் ஒரு சாயம். குழந்தை வீட்டில் அது ஒரு நல்ல உதவி. கழற்றிப் பார்க்காமலே தெரியும்.

அதே கோடு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேறு பொருளாகிவிடுகிறது. ரொறன்ரோவிலும் சுற்றிலும் இந்த இல்லங்களில் உடம்பைத் தூக்கி, கழுவி, மாற்றி, ஊட்டுகிற பி.எஸ்.டபிள்யூ. வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் புலம்பெயர்ந்த பெண்கள். இந்த மடலை வாசிக்கிற பலரின் அம்மா, சித்தி, மாமி அவர்களில் ஒருத்தி. என்னுடைய அம்மாவும். அவ வேலை செய்த ஒரு இல்லத்தில் இரவு வேலைக்கு வருகிறபோது ஆளுக்கு இத்தனை டயப்பர் என்று எண்ணித்தான் கொடுப்பார்களாம். கோடு முழுக்க நீலமாகாமல் மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று கேள்வி வரும். அதைப்பற்றி நான் கேட்டபோது அம்மா சொன்னா: "கோடு நீலமாகிறது எனக்கும் தெரியும் பிள்ளை. அந்த மனிசிக்கு எரியிறது கோட்டுக்குத் தெரியுமோ?"

இது ஒரு இல்லத்தின் கதை மட்டும் இல்லை. 2008-இல் இது ஒன்ராறியோவின் அரசியலாகவே வெடித்தது. டயப்பர் முக்கால்வாசி நனையும்வரை மாற்ற விடுகிறார்கள் இல்லை என்று பராமரிப்புத் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த ஜோர்ஜ் ஸ்மிதர்மன், தானே ஒன்றைப் போட்டுச் சோதித்துப் பார்க்க யோசிப்பதாகச் சொன்னார். எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டார். விவாதம் முழுவதும், அந்த டயப்பர் எவ்வளவு பிடிக்கும் என்ற திசைக்கு இழுபட்டுப் போனது. தொழிலாளர்கள் கேட்டது, ஒரு இரவில் ஒரு தளத்துக்கு எத்தனை பேர் என்பது.

பன்னிரண்டு வருடம் கழித்து, 2020 வசந்தத்தில், கோவிட் காலத்தில் ஒன்ராறியோவின் ஐந்து இல்லங்களுக்குக் கனடிய இராணுவத்தை அனுப்பவேண்டி வந்தது. அவர்கள் எழுதிய அறிக்கை மே மாதம் வெளியானது. அழுக்கான டயப்பரோடு கிடந்த மனிதர்கள் அதில் இருந்தார்கள். பூட்டி வைக்கப்பட்ட பொருட்களும் இருந்தன. பொலிமர் அந்த இல்லங்களிலும் தன் வேலையைப் பிழையில்லாமல் செய்துகொண்டுதான் இருந்திருக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு பொருளின் துலங்கல் வேகமாகவும் நுட்பமாகவும் வளரும்போது அது யாருக்கோ நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. அந்த நேரம் யாருடைய கைக்குப் போகிறது என்பதைப் பொலிமர் தீர்மானிக்காது. இரவில் நான்கு தடவை மாற்ற வேண்டியது இரண்டு தடவையானால், மிச்சமான நேரத்தில் ஒரு பி.எஸ்.டபிள்யூ. கட்டிலருகில் இருந்து நாலு வார்த்தை கதைக்கலாம், காலுக்கு எண்ணெய் பூசிவிடலாம். அல்லது நிருவாகம் இரவு வேலையில் ஒரு ஆளைக் குறைக்கலாம். பொருள் ஒன்றுதான். முடிவு எடுப்பவர்தான் வேறு. இப்ப சந்தையில் இருக்கிற அடுத்த கட்டம், ஈரத்தை உணர்ந்து தொலைபேசிக்குச் செய்தி அனுப்புகிற உணரியோடு வருகிற டயப்பர். அது நோயாளிக்கு நல்லதாக இருக்கலாம். தாதி எத்தனை நிமிடத்தில் வந்தாள் என்று அளக்கிற கடிகாரமாகவும் இருக்கலாம். வாங்கும் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து வைக்கிறார்கள் என்று பாருங்கோ, விளங்கும்.

அப்ப துணிக்குத் திரும்புவமோ என்று சிலர் கேட்பீர்கள். உறிஞ்சும் பொலிமர் வந்த பிறகு தோல் குறைவாக அவிகிறது. படுக்கையில் இருப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. துணியை யார் துவைப்பது? வீட்டில் என்றால் பெண், இல்லத்தில் என்றால் கீழ்த்தளத்தில் இன்னொரு புலம்பெயர்ந்த பெண். சூழல் கணக்கும் நேர்க்கோடு இல்லை. 2008-இல் பிரித்தானிய அரசின் சூழல் முகமை வெளியிட்ட குழந்தை டயப்பர் ஆய்வு, துணியின் தாக்கம் அதை எப்படித் துவைக்கிறோம் என்பதிலேயே தங்கியிருக்கிறது என்றது. இயந்திரம் நிறையப் போட்டு, வெளியில் காயவிட்டு, அடுத்த பிள்ளைக்கும் பாவித்தால் துணி நல்லது. சூடான தண்ணீரும் உலர்த்தி இயந்திரமும் என்றால் அந்த நன்மை போய்விடும். ஸ்காபரோ அடுக்குமாடியில், ஜனவரி மாதத்தில், பல்கனியில் காயப்போடச் சொல்லி நான் யாருக்கும் உபதேசம் செய்ய மாட்டேன்.

முடிந்த பிறகு

தனிமனித உபதேசத்தை விட்டுவிட்டு, பொருள் போகிற வழியைப் பார்ப்பம்.

ஒரு டயப்பரில் மரக்கூழ், பொலிஅக்ரிலேற்றுப் பொடி, பொலிபுரோப்பிலீன் துணி, பொலித்தீன் தாள், பசை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பிரிக்க முடியாத கலவை. பொலிஅக்ரிலேற்றின் முதுகெலும்பு காபன்-காபன் பிணைப்பு. நுண்ணுயிர்களுக்கு அது இலேசில் கடிபடாது. சில செக்கனில் துலங்குகிற பொருள், மண்ணுக்குள் போன பிறகு பல்லாண்டு காலம் எதற்கும் துலங்காமல் கிடக்கிறது. அதன் கெட்டித்தனம் விற்பனைக்கும் குப்பைத்தொட்டிக்கும் இடையிலான சில மணித்தியாலத்துக்கு மட்டும் எழுதப்பட்டது.

ரொறன்ரோ மாநகரம் டயப்பரைப் பச்சைத் தொட்டியில் போட விடுகிறது. பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் அது முழுக்க உரமாகிறது என்று நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஆலையில் எல்லாவற்றையும் தண்ணீரோடு அடித்துக் கலக்கி, பிளாஸ்ரிக்கை வழித்து எடுக்கிறார்கள். உணவுக் கழிவும் கூழும் எரிவாயுவுக்குப் போகின்றன. வழித்தெடுத்த பிளாஸ்ரிக் குப்பைமேட்டுக்குப் போகிறது.

அந்தக் குப்பைமேட்டின் பெயர் கிரீன் லேன். ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தென்மேற்கில், ஒன்ராறியோவின் இலண்டன் நகருக்கு அப்பால். 2007-இல் மாநகரம் அதை விலைக்கு வாங்கியது. பக்கத்திலேயே இருக்கிறது ஒனைடா நேஷன் ஒவ் த தேம்ஸ் என்ற முதற்குடி மக்களின் நிலம். 2019-இலிருந்து அவர்கள் பல ஆண்டுகள், குழாயில் வருகிற தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டி இருந்தது. தண்ணீர்ப் பிரச்சினைக்குக் குப்பைமேடு காரணம் என்று நான் சொல்லவில்லை. எங்கட நகரம் தன் கழிவுக்கு ஒரு இடம் தேடியபோது, நல்ல தண்ணீருக்குக் காத்திருந்த மக்களின் வேலி ஓரம்தான் கிடைத்தது என்கிறேன். ஊரில் எங்கட நிலத்தில் யாரைக் கேட்டு முகாம் போட்டாய் என்று கேட்கிற நாங்கள், இங்கே எங்கட தொட்டி யாருடைய நிலத்தில் கொட்டப்படுகிறது என்றும் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன செய்கிறது? 2022-இல் கனடா தடைசெய்த ஒருதடவைப் பிளாஸ்ரிக்குகள் ஆறு வகை. ஸ்ட்ரோ, பை, கரண்டி போன்றவை. டயப்பர் அதில் இல்லை. ஒன்ராறியோவின் நீலப்பெட்டிக்கு இப்ப உற்பத்தியாளரே செலவு கொடுக்க வேண்டும். ஆனால் அது பொதிகளுக்கும் தாளுக்கும்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்பிளாஸ்ரிக்குக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, நல்ல முயற்சி. ஆனால் தண்ணீரில் கரைகிற பொலிமர்கள் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. நாங்கள் செய்கிற ஸ்மார்ட் பொலிமர்களில் பல, கரைவதும் கரையாததுமாக நிலை மாறுவதாலேயே ஸ்மார்ட். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பதும் சிதைந்து இல்லாமல் போவதும் ஒன்றில்லை. உப்புத் தண்ணீரைப் பார்த்து உப்பு இல்லை என்று சொல்ல மாட்டோம்.

விவசாயத்திலும் இதே கதை. ஜப்பானின் நெல் வயல்களில், மண்ணின் வெப்பத்துக்கு ஏற்ப மெல்ல மெல்லச் சத்தை விடுகிற, பொலிமர் உறை போட்ட உரமணிகள் பாவிக்கப்பட்டன. உரமும் மிச்சம், வேலையும் மிச்சம். சத்து வெளியேறிய பிறகு வெறும் கோதுகள் வாய்க்கால் வழியே கடலுக்குப் போய்க் கரையில் ஒதுங்கின. 2030-க்குள் அவற்றைக் கைவிடும் இலக்கை அங்குள்ள விவசாயத்துறை அமைப்புகள் அறிவிக்கவேண்டி வந்தது.

முடிவையும் ஒரு துலங்கலாக்கலாம்

இவை இயற்கையின் விதி இல்லை. உடம்புக்குள் தானாகச் சிதைகிற தையல் நூலைச் செய்யத் தெரிந்த துறை இது. காபன் சங்கிலிக்குள் உடையக்கூடிய பிணைப்புகளை வைக்கத் தெரியும். மாப்பொருள், செலுலோசு, அல்ஜினேற்று போன்றவற்றிலிருந்து உறிஞ்சும் ஜெல் செய்யத் தெரியும். 1968-இல் பி-நைப்பாமை அளந்த அதே ஜேம்ஸ் கியே, வெயில் பட்டால் உடைகிற பிளாஸ்ரிக்குக்காக 1976-இல் இன்னொருவரோடு சேர்ந்து காப்புரிமை பெற்றார். கனடா வழங்கிய பத்து இலட்சமாவது காப்புரிமை அதுதான். புதைகுழிக்குள் வெயில் வராது, துண்டாவதும் சிதைவதும் வேறு. அந்தத் தீர்வு அரைகுறையானது. ஆனால் 'இது எப்படி முடியும்?' என்ற கேள்வி எங்கட துறைக்கு ஐம்பது வருடப் பழசு. கேள்விக்குப் பதில் தேடக் காசு கொடுப்பவர்கள்தான் குறைவு. உறிஞ்சும் வேகத்துக்கு வாங்குபவர் காசு கொடுக்கிறார். சிதையும் வேகத்துக்கு யாரும் கொடுப்பதில்லை. அதனால் ஆய்வுகூடத்தில் முன்னதற்கு ஐந்து அளவுகோல் இருக்கும், பின்னதற்கு கட்டுரையின் கடைசிப் பந்தியில் ஒரு வரி இருக்கும்.

இந்த நகரத்துக்கு இன்னொரு ஞாபகமும் இருக்கிறது. 1923-இல் பான்ரிங்கின் கூட்டாளிகளும் அவரும் இன்சுலின் காப்புரிமையை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கு இரத்தத்தில் சீனி ஏறினால் மட்டும் இன்சுலினை விடுகிற பொலிமருக்காக உலகம் முழுக்க ஆய்வு நடக்கிறது. சலரோகம் இல்லாத தமிழ்க் குடும்பத்தை நான் இன்னும் காணவில்லை. அது வரும் நாளை நானும் எதிர்பார்க்கிறேன். ஆனால் அது எந்த விலையில், யாருடைய பெயரில் வரும் என்பதை இப்பவே கேட்காவிட்டால், பியோரியாவின் சோளம் மாதிரித்தான் முடியும்.

ஆகவே மூன்று விஷயங்களை எங்கட கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன்.

ஒன்று, பராமரிப்பு இல்லங்களில் எப்போது மாற்றுவது என்பது மனிதரின் தேவையும் தொழிலாளியின் கணிப்பும். கோடும் உணரியும் அவர்களுக்கு உதவி, மேலாளர் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்குச் சராசரி நான்கு மணித்தியால நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கை 2025 மார்ச் முடிவுக்குள் எட்டுவதாக ஒன்ராறியோ 2021-இல் சட்டமே எழுதியது. அந்த இலக்கு இல்லத்துக்கு இல்லம், இரவுக்கு இரவு கணக்குக் காட்டப்பட வேண்டும். மாகாணச் சராசரிக்குள் ஒரு தளத்தை ஒளித்து வைக்கலாம்.

இரண்டு, பொதுப் பணத்தில் நடக்கிற பொலிமர் ஆய்வு ஒவ்வொன்றும், அந்தப் பொருள் தண்ணீரிலும் மண்ணிலும் எப்படி முடிகிறது என்று அளந்து வெளியிட வேண்டும். அந்த அறிவு உரிமமாகப் போகும்போது விலைக்கும் கிடைப்பதற்கும் நிபந்தனை இருக்க வேண்டும்.

மூன்று, டயப்பரும் மாதவிடாய்ப் பொருட்களும் உற்பத்தியாளர் பொறுப்புக்குள் வரவேண்டும். செலவை வாங்குகிற தாயின் மேலோ, முதியவரின் ஓய்வூதியத்தின் மேலோ ஏற்றாமல். குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் அந்த மேசையில் இருந்து முடிவெடுக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் முதலாவதோடு தொடங்குவம் என்பது என் யோசனை. பி.எஸ்.டபிள்யூ. வேலை செய்கிற, செய்த உங்கட வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இல்லத்தின் பெயர் வேண்டாம், உங்கட பெயரும் வேண்டாம். ஒரு இரவுக்கு எத்தனை டயப்பர் தருகிறார்கள், எத்தனை பேரை ஒருவர் பார்க்கிறார், கோட்டைப் பற்றி என்ன விதி: இந்த மூன்றையும் எழுதித் தந்தால் காணும். எங்கட ஆட்கள் அந்தக் கணக்கை இத்தனை வருடம் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதைத் தாளில் கொண்டுவருவம்.